முதலிலிருந்து எண்ணுவோம்



மூன்று மாதமாக நான் இங்கே ஒன்றும் எழுதவில்லை. "சார், நல்லா இருக்கீங்களா?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். இரண்டு பேர் மட்டும் "சார், இருக்கீங்களா?" என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறேன்.

தை மாதம் தெப்பத் திருவிழா முடிந்த மறுவாரம் எனக்கு நெஞ்சுவலி வந்தது. இதயத்தில் ஒரு அடைப்பு. வலது மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நலம். இந்த வருடம் அழகர் ஆற்றில் இறங்கியதை டிவியில்தான் பார்த்தேன் என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை.

ஆஸ்பத்திரிக் கதை சொல்லி உங்களைப் பயமுறுத்த வரவில்லை. நம் மதுரை மண்ணில் பிறந்த இரண்டு சிரிப்பு நடிகர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கூடவே, ஒரு மாணவனுக்கு இருபது வருடத்துக்கும் மேலாக நான் வைத்திருந்த பாக்கி ஒன்று இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

முதலில் வலி வந்த கதை. மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் யாரோ அம்மிக்கல்லை வைத்த மாதிரி இருந்தது. இடது தோள்பட்டை இழுத்தது. வேர்த்துக் கொட்டியது. வீட்டுக்காரம்மா, "என்னங்க, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றார். "வாய்வு" என்றேன். ஓமத் தண்ணீர் குடித்தேன். மறுநாள் எலுமிச்சம்பழ சோடா குடித்தேன். மகள் போனில் கேட்டபோது குரலைக் கணீரென்று வைத்துக்கொண்டு பேசினேன். முப்பத்தைந்து வருடம் வகுப்பில் கத்திய குரல்; வலியை மறைக்க அதற்குச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்?

இப்படி இரண்டு நாள். மூன்றாம் நாள் விடியற்காலை கழிவறை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, 108க்குப் போன் செய்துவிட்டார்.

வண்டியில் படுத்திருந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது யார் தெரியுமா? மீனாட்சியம்மன் என்று சொன்னால் உங்களுக்கு மரியாதையாக இருக்கும். உண்மையைச் சொல்கிறேன், வடிவேலுதான் ஞாபகத்துக்கு வந்தார். 2003இல் வந்த "வின்னர்" படத்தின் கைப்புள்ள. ஊர் கூடி அடித்திருக்கும். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடந்து வருவார். இரண்டு நாளாக நான் வீட்டுக்குள் நடந்த நடை அதுதான். படத்தில் கைப்புள்ள தலைவராக இருந்த வருத்தப்படாத வாலிபர் சங்கத்தில், அறுபத்தாறு வயதில் நானும் ஒரு உறுப்பினர்!

வடிவேலுவின் சிரிப்புக்கு ஏன் இத்தனை ஆயுசு என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. மதுரையில் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் வேலை பார்த்தவர் அவர். ராஜ்கிரண் மூலம் "என் ராசாவின் மனசிலே" (1991) படத்தில் தெரிய ஆரம்பித்தார். அவர் செய்ததெல்லாம் நாம் மறைப்பதை வெளியே எடுத்துப் போட்டதுதான். நமக்கு வலிக்கும், வலிக்காத மாதிரி இருப்போம். பயப்படுவோம், மீசையைத் தடவுவோம். அவர் அந்த இரண்டையும் ஒரே முகத்தில் காட்டிவிடுவார். 2001இல் வந்த "ப்ரெண்ட்ஸ்" படத்தில் காண்ட்ராக்டர் நேசமணியின் தலையில் சுத்தியல் விழுந்தது. பதினெட்டு வருடம் கழித்து, 2019 மே மாதக் கடைசியில், அந்த அடிபட்ட தலைக்காக உலகமே ட்விட்டரில் பிரார்த்தனை செய்தது. படத்தில் அடிபட்டவருக்கு உலகமே உருகியது. நிஜத்தில் அடிபட்ட நான் வாய்வு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஸ்டென்ட் வைத்து வார்டுக்கு மாற்றியதும் பேரன் வந்தான். ஆறாவது படிக்கிறான். "தாத்தா, இதப் பாருங்க" என்று போனை நீட்டினான். சூரியின் பரோட்டாக் காமெடி.

உங்களில் பார்க்காதவர் இருக்க முடியாது. "வெண்ணிலா கபடிக் குழு", 2009. பரோட்டாக் கடையில் சாப்பாட்டுப் போட்டி. சூரி சாப்பிடச் சாப்பிடப் பலகையில் கோடு விழுந்துகொண்டே போகும். கடைசியில் எண்ணிக்கையில் தகராறு வரும். அப்போது அவர் கோபப்படவும் மாட்டார், அழவும் மாட்டார். போட்ட கோட்டையெல்லாம் அழித்துவிடுங்கள், நான் முதலிலிருந்து சாப்பிடுகிறேன் என்பார். அதைக் கேட்டதும் கடைக்காரர் முகம் போகிற போக்கு இருக்கிறதே!

எத்தனையாவது தடவையோ தெரியாது, நான் கட்டில் குலுங்கச் சிரித்தேன். நர்சம்மா ஓடி வந்தார். கையில் கட்டு, நெஞ்சில் வயர், மானிட்டரில் கோடு ஏறி இறங்குகிறது. "சார், என்ன பண்றீங்க?" என்றார். பேரன் சொன்னான்: "தாத்தா பரோட்டா சாப்பிடுறாரு."

2010லிருந்து 2017 வரை என்னிடம் படித்தவர்களுக்கு அந்தக் காமெடி ஒரு கணக்குப் பாடம். ஞாபகம் இருக்கிறதா? செயல்வழிக் கற்றல் வந்த பிறகு நாம் எல்லோரும் பாயில் வட்டமாக உட்காருவோம். உங்கள் உயரத்துக்குச் சுவரில் கரும்பலகை இருக்கும். நேர்க்கோட்டுக் குறி நடத்தும் நாளில் ஒருவன் சூரி, ஒருவன் கடைக்காரன். பரோட்டாவுக்குப் பதில் புளியங்கொட்டை. ஒவ்வொரு கொட்டைக்கும் ஒரு கோடு. நாலு கோடு நேராக, ஐந்தாவது குறுக்கே. குறுக்குக்கோடு போட மறந்தால் கணக்கு உதைக்கும். உடனே வகுப்பே கத்தும்: "அழிங்க சார், மொதல்ல இருந்து!"

தப்பு வந்தால் அழித்துவிட்டுத் திரும்பப் போடலாம், அதில் அவமானம் இல்லை. இதை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் இவ்வளவு சுலபமாகச் சொல்லிக்கொடுத்ததில்லை. மதுரைக்குப் பக்கத்து ராஜாக்கூரிலிருந்து சென்னைக்குப் போய், கிடைத்த கூலி வேலையெல்லாம் பார்த்து, அந்த ஒரு காட்சியில் பெயர் வாங்கிய மனிதர் எனக்காக நடத்திக் கொடுத்தார்.

டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் ஒரு தாளில் சாப்பாட்டு அட்டவணை கொடுத்தார். மேலிருந்து கீழாக நான் தேடியது ஒரே ஒரு வார்த்தையை.

"பரோட்டா, டாக்டர்?"

"மறந்துருங்க."

"வாரத்துக்கு ஒண்ணு?"

"வருஷத்துக்கு ஒண்ணு."

நாலு பரோட்டாவை அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டுவார் மாஸ்டர், அது பூப்போல விரியும். அதன் மேல் சால்னா இறங்கும். இந்த ஊரில் பிறந்தவனிடம் வருஷத்துக்கு ஒன்று என்றால் என்ன அர்த்தம்? பன் பரோட்டா, வீச்சு, கொத்து, சிம்மக்கல் பக்கம் கறிதோசை, ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் ஆவி பறக்கும் இட்லி, வெயிலுக்கு ஜிகர்தண்டா, சாயங்காலத் தள்ளுவண்டியில் பருத்திப்பால். ஊரே ஒரு சாப்பாட்டுத் தட்டு. அந்தத் தட்டின் நடுவில் உட்கார்ந்து நான் இப்போது கேழ்வரகுக் கூழும் வெள்ளரிக்காயும் சாப்பிடுகிறேன். வீட்டுக்காரம்மா பரிமாறும்போது, "இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்று கேட்பதில்தான் கேலி இருக்கிறது.

ஒன்று மட்டும் டாக்டரால் தடுக்க முடியவில்லை. சாயங்காலம் எங்கள் தெருமுனைக் கடையில் கொத்துப் பரோட்டா போடும் சத்தம். இரும்புக்கல்லில் இரண்டு கரண்டி விழும் தாளம். மெதுவாக ஆரம்பித்து, முட்டை விழுந்ததும் வேகம் எடுத்து, கடைசியில் ஒரு தீர்மானம் வைத்து நிற்கும். அது காதுக்கு மட்டும்தான், கொலஸ்ட்ரால் கிடையாது. திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறேன்.

சங்கீதம் என்றதும் இன்னொன்று. நடைப்பயிற்சிக்குப் பாட்டுக் கேளுங்கள் என்று மருமகன் காதில் மாட்டும் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தார். டி.எம்.எஸ். நம் ஊர்க்காரர். அவர் பாட்டைப் போட்டால் நடை தானாகக் கம்பீரமாகிறது, ஆனால் இரண்டே நிமிடத்தில் மூச்சு வாங்குகிறது. பண்ணைப்புரத்து இளையராஜாவைப் போட்டால் நடக்கத் தோன்றவில்லை, நின்று கேட்கத் தோன்றுகிறது. கடைசியில் எனக்கு ஒத்துவந்தது வடிவேலுவின் குரல்தான். 1995இல் "எல்லாமே என் ராசாதான்" படத்தில் இளையராஜா இசையில் அவர் பாடிய எட்டணாப் பாட்டு. குழந்தை ஓடுகிற வேகம், கிழவன் நடக்கிற வேகம், இரண்டுக்கும் சரியாக இருக்கிறது.

நடை, வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றித்தான். 1645இல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். ஒரு சுற்று ஏறக்குறைய 1,200 மீட்டர். எங்கள் குழுவில் நாலு பேர், எல்லோரும் பென்ஷன்தாரர்கள். 2023இல் அரசாங்கம் "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டத்துக்கு மாவட்டம் எட்டு கிலோமீட்டர் நடைபாதை அறிவித்தபோது எங்கள் குழு உடனே கூடி முடிவெடுத்தது. எட்டு கிலோமீட்டர், நாலு பேர், ஆளுக்கு ரெண்டு. குழுவில் மூத்தவர் ஒருவர் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்தபடியே போனைக் கையில் வைத்து ஆட்டுவார். அதில் 6,000 அடி ஏறிவிடும். "ஆரோக்கியம் போனுக்கா, உங்களுக்கா?" என்று கேட்டேன். "ரெண்டுல ஒண்ணு நல்லா இருந்தாச் சரி" என்றார்.

"சீமராஜா" (2018) படத்துக்காக சூரி வயிற்றில் ஆறு கட்டு வைத்து வந்து நின்றாரே, பார்த்தீர்களா? பரோட்டா சூரி என்று ஊர் கூப்பிட்ட மனிதர், நாற்பது வயதில், அந்தப் பெயரையே கோடு அழிப்பது மாதிரி அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். அதை வைத்து நானும் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் அட்டையில், நடந்த நாளுக்கு ஒரு கோடு. நாலு நேராக, ஐந்தாவது குறுக்கே. போன வாரம் வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு, "செவ்வாக்கிழமை நீங்க போகலயே, கோடு இருக்கு?" என்றார். எனக்கு ஞாபகம் இல்லை. நான் போனேன் என்றேன், அவர் இல்லை என்றார். கடைசியில் அட்டையைத் திருப்பி மாட்டிவிட்டேன். முதலிலிருந்து.

இனி அந்தப் பாக்கி.

2004 ஜனவரி. அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளி. ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன். பெயர் சொல்ல மாட்டேன், கூடப் படித்தவர்களுக்குத் தெரியும். "வின்னர்" வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அவன் கைப்புள்ள மாதிரி நடந்தால் சத்துணவு வரிசையே சிரிப்பில் கலைந்துவிடும். ஒரு நாள் இடைவேளை முடிந்து வருகிறேன், வகுப்புக்குள் ஒரே சிரிப்பு. கதவோரம் நின்று பார்த்தேன். அவன் கைப்புள்ளயாக நடிக்கவில்லை, என்னை நடித்துக்கொண்டிருந்தான்.

உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் ஜீப் வருகிறது என்று இன்னொருவன் கத்துகிறான். இவன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுகிறான். இல்லாத வேட்டியை இழுத்து விடுகிறான். கரும்பலகையை அழிக்கிறான், அழித்த கையால் முகத்தைத் துடைத்து முகமெல்லாம் சுண்ணாம்பு. அதுவரை கணீரென்று இருந்த குரல் எலிக்குரலாகிறது. "வாங்கய்யா, வாங்கய்யா."

அப்படியே நான்தான். வெளியே யாருக்கும் அஞ்சாத வாத்தியார், அதிகாரி வந்தால் நடுங்குகிறவன். என் சம்சாரத்துக்கே தெரியாத ரகசியம் அது. பத்து வயதுப் பையன் ஒருவன் பார்த்து வைத்திருந்தான்.

மரஸ்கேலால் நாலு அடி கொடுத்தேன். கையை நீட்டியபடியே நின்றான், அழவில்லை. நான்தான் பிறகு தண்ணீர் குடிக்கப் போய்க் கொஞ்ச நேரம் திரும்பி வராமல் நின்றேன். ஆசிரியர் பயிற்சியில் "குழந்தைகளிடம் நகைச்சுவை உணர்வை வளர்த்தல்" என்ற கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கியவன் நான். பிள்ளைகளை அடிக்கவே கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் நடந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அவன் செய்த தப்பு என்ன? உண்மையைச் சொன்னான், அதையும் சிரிக்கிற மாதிரிச் சொன்னான். அவ்வளவுதானே?

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் அவன் வந்தான். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், ஆப்பிள். முன்வழுக்கை விழுந்திருக்கிறது. டைல்ஸ் ஒட்டும் வேலை எடுத்துச் செய்கிறான், தனக்குக் கீழே ஆறு பேர் என்றான். மகள் மூன்றாவது படிக்கிறாளாம்.

பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்: "இப்பவும் நடிக்கிறியாப்பா?"

"அதெல்லாம் விட்டாச்சு சார்."

"எப்ப விட்ட?"

"அஞ்சாப்புல."

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். குத்திக்காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை, அவன் குணம் அது இல்லை. எத்தனையாவதில் பள்ளிக்கூடம் மாறினாய் என்று கேட்டால் சொல்வது மாதிரிச் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்காரம்மா காபித் தம்ளரோடு அப்படியே நின்றார்.

"அன்னிக்கு என்ன நடிச்சியே, அதக் கொஞ்சம் செஞ்சு காட்டுப்பா" என்றேன்.

"மறந்துருச்சு சார்" என்றான்.

2023இல் இரண்டு படங்கள் வந்தன. மார்ச் கடைசியில் "விடுதலை", ஜூன் கடைசியில் "மாமன்னன்". நம்மைச் சிரிக்க வைத்த இரண்டு மதுரைக்காரர்களும் மூன்று மாத இடைவெளியில் நம்மை அழ வைத்தார்கள். "விடுதலை"யில் சூரி, தான் தப்புச் செய்யவில்லை என்பதால் மேலதிகாரியிடம் மன்னிப்புக் கேட்க மறுக்கும் கடைநிலைப் போலீஸ்காரர். அதைப் பார்த்தபோதே எனக்கு அந்தப் பையனின் நீட்டிய கை ஞாபகம் வந்தது. அவனும் அன்று மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவனும் அவன் இல்லை.

"சரி, நான் செய்றேன்" என்று எழுந்தேன். வீட்டுக்காரம்மா, "ஏங்க, டாக்டரு..." என்றார். கையமர்த்தினேன். நாற்காலியிலிருந்து மெதுவாகத்தான் துள்ளினேன், ஸ்டென்ட் இருக்கிறதே. வேட்டியை இழுத்துவிட்டேன். சுவரில் இல்லாத கரும்பலகையை அழித்தேன். முகத்தைத் துடைத்தேன். எலிக்குரலில், "வாங்கய்யா, வாங்கய்யா" என்று வாசலைப் பார்த்துக் கும்பிட்டேன்.

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு ஆப்பிள் பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"சார், அப்டி இல்ல. நீங்க மொதல்ல சட்டப்பையில பேனாவத் தேடுவீங்க. அது காதுல இருக்கும். அப்புறந்தான் வேட்டி."

செய்து காட்டினான். இருபத்தோராண்டுக்குப் பிறகும் ஒரு அசைவு குறையவில்லை. வீட்டுக்காரம்மா காபியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "இவரு வீட்லயும் இப்டித்தாம்ப்பா, எங்க அண்ணன் வந்தா!" என்றார். நானும் சிரித்தேன். நெஞ்சு வலிக்கவில்லை.

அவன் கிளம்பும்போது, "அன்னிக்கு அடிச்சது தப்புப்பா" என்றேன். "விடுங்க சார்" என்றான். அவன் விட்டுவிட்டான். நான் விடக் கூடாது என்பதால்தான் எல்லோர் முன்னாலும் இங்கே எழுதுகிறேன். அன்று நாற்பது பேர் முன்னால் அடித்தேன். மன்னிப்பை மட்டும் தனியாக, வாசல்படியில் கேட்டால் கணக்குச் சரியாகாது. நான் கணக்கு வாத்தியார்.

உங்களில் பதினாறு பேர் இப்போது ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். நோட்டில் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை உங்களை மாதிரி நடித்துக் காட்டினால், கதவோரம் நின்று முழுசாகப் பாருங்கள். ஸ்கேலைத் தொடாதீர்கள். உங்களை அவ்வளவு கவனித்துப் பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

என் வயதுச் சொந்தங்களுக்கு: நெஞ்சில் அம்மிக்கல் வைத்தது போல இருந்தால், தோள் இழுத்தால், வேர்த்தால், வாய்வு என்று நீங்களே பட்டம் கொடுக்காதீர்கள். வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கைப்புள்ளைக்கு அடிபட்டால் அடுத்த காட்சியில் சரியாகிவிடும், நமக்கு அப்படி இல்லை.

இன்றோடு கோடு பதினொன்று. வீட்டுக்காரம்மா சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அந்த மாணவனுக்குக் கடைசியாக ஒன்று. தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். உன் மகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வா. அவள் டீச்சரை அவள் எப்படி நடித்துக் காட்டுகிறாள் என்று நான் பார்க்க வேண்டும்.

என்றும் அன்புடன்,
உங்கள் கணக்கு சார்